ஓட்டை வாளிக்காரனின் குரல்

மார்ச் 4

இன்றும் தோற்றான். எனக்கு ஒரே சந்தோஷம்.

வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன். நாங்கள் தமிழில் டப்பிங் செய்யும் கார்ட்டூன் தொடரின் கதாநாயகனுக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. டப்பிங் அறையில் எல்லோருக்கும் அவன் பொடியன்தான். சீட்டை மேசையில் வைத்தால் அதில் இருப்பது உயிரோடு எழுந்து சண்டை போடும், அதுதான் கதை. மற்ற பிள்ளைகள் கையில் டிராகன், எரிமலை, இடி. இவன் கையில் பிறர் வேண்டாமென்று தூக்கிப் போட்டவை: ஓட்டை வாளி, நொண்டி ஆந்தை, தூக்கக்கலக்க மேகம். வாளி எழுந்து என்ன செய்யும்? ஒழுகும். இவன் உடனே "என் சீட்டு சரியில்ல" என்று அழுவான்.

அந்த அழுகை என்னுடையது. வயது நாற்பத்தாறு. இருபது வருடமாகத் தொட்டில் குழந்தை, பேசும் முயல், மணி அடித்ததும் கத்திக்கொண்டு ஓடும் பள்ளிக்கூடக் கூட்டம் என்று எல்லாமும் நான்தான். கதாநாயகன் இப்போதுதான் கிடைத்திருக்கிறான். தோற்கிறவரை அவன் சின்னப் பையன். சின்னப் பையனாக இருக்கிறவரை அவன் என்னிடம் இருப்பான்.

மார்ச் 11

எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் மாடிப்படியில் உட்கார்ந்து அந்தச் சீட்டு ஆடுகிறார்கள். சீட்டு எடுப்பதற்கு முன் ஒவ்வொருவரும் மூக்கை ஒரு உறிஞ்சு உறிஞ்சுகிறார்கள், பொடியன் மாதிரியே.

அசல் தொடரில் உறிஞ்சல் கிடையாது. முதல் நாள் எனக்கு ஜலதோஷம். சீட்டு எடுக்கும் இடத்தில் என்னையறியாமல் வந்துவிட்டது. இயக்குநர் என்னைவிடச் சின்னவர். "அக்கா, இருக்கட்டும். பயந்து உறிஞ்சுற மாதிரியே இருக்கு" என்றார். அன்றிலிருந்து சீட்டுக்கு ஒரு உறிஞ்சல். ஊரில் அம்மாக்கள் எல்லாம் கைக்குட்டையோடு அலைகிறார்களாம்.

இன்று வாய் சும்மா இருக்கவில்லை. மேல்வீட்டுச் சிறுமியிடம் சொல்லிவிட்டேன், பொடியன் குரல் என்னுடையதென்று.

"அவன் பையன், ஆன்ட்டி."

பேசியே காட்டினேன். பாவம், பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லாத்தான் மிமிக்ரி பண்றீங்க. ஆனா அப்படியே வரல."

தொடரின் முடிவில் என் பெயரைப் போடுவதில்லை. பையனுக்குள் ஒரு பெண்பிள்ளை இருப்பது தெரிந்தால் குழந்தைகள் நம்பமாட்டார்கள் என்று தொலைக்காட்சிக்காரர்கள் சொன்னார்கள். அது என்னவோ சரிதான்.

மார்ச் 12

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்து முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிவிட்டது.

ஏப்ரல் 2

ஜெயித்துவிட்டான். வாளியை வைத்தே ஜெயித்தான்.

எதிரி வெள்ளத்தைக் கிளப்புகிறான். அந்த வெள்ளம் எதில் நிரம்பினாலும் அது வெடித்துவிடும். அணை வெடித்தது, கோட்டை வெடித்தது. பொடியன் கையில் வாளி ஒன்றுதான் மிச்சம். வாளி நிரம்பினால்தானே வெடிக்க? மேலே ஊற்ற ஊற்றக் கீழே ஒழுகிக்கொண்டே இருந்தது. கடைசியில் வெள்ளம்தான் தீர்ந்துபோனது.

"இத்தன நாளா ஓட்டைய அடைக்கத்தான் பாத்தேன். அத என்ன பண்ணலாம்னு பாக்கவே இல்ல." இதுதான் அவன் வசனம். முதல் முறையாகச் சீட்டைக் குறை சொல்லாமல் பேசுகிறான். நான் மைக் முன்னாலேயே தேம்பிவிட்டேன்.

இயக்குநர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து: "அக்கா, அழுகை பிரமாதம். ஆனா இங்க அவன் சிரிக்கணும்."

ஏப்ரல் 20

அடுத்த பகுதிகளின் படங்கள் வந்தன. பொடியனுக்குத் தோள் வந்திருக்கிறது, தாடை வந்திருக்கிறது. நடை மாறியிருக்கிறது. இயக்குநர் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு டீ சொல்லப் போய்விட்டார்.

அவருக்கு டீ பிடிக்காது.

ஏப்ரல் 24

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குரலைத் தாழ்த்திப் பழகினேன். வெந்நீர், உப்பு, கொட்டாவி, எல்லாம் பார்த்தாயிற்று. "இந்த ஆட்டம் இன்னும் முடியல!" என்று கனமாக ஒன்று போட்டேன்.

வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். "யாரும்மா அது உள்ள?"

நம்பிக்கை வந்தது. வெளியே வந்ததும் கேட்டேன், ஆம்பளைக் குரல் மாதிரி இருந்ததா?

"இல்ல, தண்ணிக் குழாய்தான் ரிப்பேர்னு நெனச்சேன்."

மே 6

இயக்குநர் சொல்லிவிட்டார்.

"பத்தாவது பகுதியில அவனுக்கு மீசை அரும்புது, அக்கா. நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ண?"

சரி தம்பி என்றேன். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னேன். பேருந்தில் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு வந்தேன்.

யாருமே சீண்டாத பயல். அவன் தோத்தப்பல்லாம் கூட நின்னு அழுதது யாரு? உறிஞ்சக் கத்துக் குடுத்தது யாரு? ஜெயிக்க ஆரம்பிச்சதும் நான் வேண்டாமா? வளர்த்த கடா மார்பில் பாயும்னு கேட்டிருக்கேன், மீசையோட பாயும்னு யாரும் சொல்லல.

படம்தானே. வெறும் படம். — அப்புறம் ஏன்டி இப்படி இருக்கு?

மே 15

புதுக் குரல் வந்துவிட்டது. இருபத்திரண்டு வயதுப் பையன். என் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினான். சின்ன வயதில் நான் பேசிய முயலுக்காகவே தினமும் டிவி முன்னால் உட்காருவானாம். அதிலிருந்து இரண்டு வசனம் சொல்லியும் காட்டினான், எனக்கே மறந்துபோனவை.

வெறுக்கலாம் என்று கிளம்பிப் போனேன். அதற்கும் வழியில்லை.

ஜூன் 1

இயக்குநர் போன் செய்தார். பையன் எல்லாம் நன்றாகப் பேசுகிறானாம், உறிஞ்சல் மட்டும் வரவில்லையாம். சைனஸ்காரன் மாதிரி இருக்கிறதாம்.

"மூக்கு மட்டும் குடுங்க, அக்கா."

மாட்டேன் என்று வைத்துவிட்டேன். ஆளை வெளியே அனுப்பிவிட்டு மூக்கை மட்டும் உள்ளே கூப்பிடுகிறார்கள்! வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "மூக்கு இருக்கிற வரைக்கும் சளி இருக்கும்." ஆறுதல் சொன்னாரா, கிண்டல் செய்தாரா? அவர் பேப்பரைப் படித்து முடிக்கிறவரை யோசித்தும் தெரியவில்லை.

ஜூன் 3

போனேன். அவனைப் பார்க்கவேண்டும் போல இருந்தது. அதுதான் காரணம், வேறு எதை எழுதினாலும் பொய்.

பயத்துக்கு, கோபத்துக்கு, நிம்மதிக்கு என்று தனித்தனியாக உறிஞ்சிக் கொடுத்தேன். மைக் முன்னால் ஒரு சொல்கூட இல்லை.

திரையில் அவன் வாட்டசாட்டமாக நிற்கிறான். யாரோ பரிசாகக் கொடுத்த தங்க டிராகன் சீட்டு கையில் இருக்கிறது. வாளியை ஒரு பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டான். தோற்று அழுகிற ஒரு வாண்டிடம் "சீட்டைக் குறை சொல்லாதே" என்று உபதேசம் வேறு. அடேய், இதை யாரிடம் சொல்கிறாய்!

ஜூன் 22

புதுக் குரலில் முதல் பகுதி நேற்று ஒளிபரப்பானது. நான் பார்க்கவில்லை. துணி மடித்தேன்.

இன்று மாலை மேல்வீட்டுச் சிறுமி வந்து மணியை அடித்தாள். முகம் தொங்கிக் கிடந்தது.

"பொடியன் குரலே மாறிடுச்சு, ஆன்ட்டி. வாளியையும் பெட்டியில போட்டுட்டான். இப்ப எல்லாருக்கும் டிராகன்தான் வேணுமாம். என்கூட ஆட ஆளே இல்ல."

"வளர்ந்துட்டான், கண்ணு. வளர்ந்தா குரல் மாறும்" என்றேன். என் வாயால் சொல்லவேண்டும் என்று இருந்திருக்கிறது.

"அன்னைக்கு ஒண்ணு பேசிக் காட்டுனீங்களே, அத பண்ணுங்க. அதுதான் இப்ப கொஞ்சமாவது கிட்ட வருது."

கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். என் சீட்டு சரியில்ல என்று நான் அழுதேன், முதல் பகுதியில் அழுத மாதிரியே. கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

பிறகு படியில் உட்கார வைத்து எனக்கு ஆடச் சொல்லிக் கொடுத்தாள். டிராகன்களை அவள் வைத்துக்கொண்டாள், வாளியை என்னிடம் தள்ளினாள். சீட்டுக்கட்டிலிருந்து முதல் சீட்டை எடுக்கக் கை நீட்டினேன், மூக்கு தானாக உறிஞ்சியது.

அவள் அப்படியே என்னைப் பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டாளோ?

"அந்த உறிஞ்சல் மட்டும் அச்சு அசலா இருக்கு, ஆன்ட்டி" என்றாள். "பாத்துப் பாத்து உங்களுக்கும் ஒட்டிக்கிச்சா?"

"ஆமா கண்ணு, ஒட்டிக்கிச்சு" என்றேன்.

மூன்று ஆட்டம் ஆடினோம். மூன்றிலும் தோற்றேன்.