இரண்டாவது மாத்திரை

என் வீட்டுக் கலெக்டரம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? மகளுக்குப் புதுப் பல் முளைத்ததா?

போனில் சொல்ல நா எழவில்லை, எழுதுகிறேன். காலையில் போடுவது சத்து மாத்திரை என்று உன்னிடம் சொன்னது பொய். கவனம் சிதறாமலிருக்க மனநல மருத்துவர் எழுதித் தந்தது அது. செவ்வாயன்று, போட்டதையே மறந்து இன்னொன்றும் போட்டுவிட்டேன். கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும்போது நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது. ஒரே பெட்டிக்கு ஏழு லேபிள்! சூப்பர்வைசர்தான் மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். மாலையில் சரியாகிவிட்டது, பயப்படாதே.

"போட்டோமான்னு சந்தேகம் வந்தா போடாதீங்க. ஒருநாள் விட்டுப்போனா குடி முழுகிடாது. வீட்ல ஞாபகப்படுத்த மாட்டாங்களா?" என்றார் டாக்டர்.

"வீட்ல தெரியாது" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அத்தையிடம் மூச்சு விடாதே. கிழமை போட்ட மாத்திரை டப்பா ஒன்று அனுப்பு. வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளிலிருந்து காலை ஆறரைக்குப் போன் செய்து, "போட்டாச்சா?" என்று கேள்.

டப்பா வந்த பிறகும் கேள்.

உன் மறதிக்காரன்