ஐந்து எண்ணுவதற்குள் அணைகிற கம்ப்யூட்டர்

ஜூன் 10, செவ்வாய்

காலையிலேயே மண்டையைப் பிளக்கும் வெயில். காற்று இல்லை. கம்ப்யூட்டரும் இல்லை.

சனிக்கிழமை கரண்ட் ஏறி இறங்கியதில் எஸ்.எம்.பி.எஸ். கருகிவிட்டது. சி.பி.யு.வுக்கு மின்சாரம் கொடுக்கிற ஒரு டப்பாவுக்கு இத்தனை பெரிய பேர். நேற்று கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை அன்வர் பாய் வீட்டுக்கே வந்து புதுசு மாட்டினார். மாலை முழுக்க ஓடியது. இன்று பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அவுட். அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு எதற்கும் அசையாது.

உள்ளே கயல்விழியின் ஆய்வேடு. கீழ்பென்னாத்தூர் பெண். ஐந்து வருடம் எழுதியது, நான் டைப் செய்வது. வெள்ளி காலை பிரிண்டோடு அவள் பல்கலைக்கழகத்துக்கு பஸ் ஏற வேண்டும். நான்காம் இயல் திருத்தம் வேறு எங்கும் இல்லை.

என் வீட்டுக்காரர் சொல்கிறார்: "பென்டிரைவ்ல ஒரு காப்பி போட்டு வெச்சிருக்கலாம்ல?" சொல்லிவிட்டுத் தோசை கேட்டார்.  தோசை இல்லை.

பௌர்ணமி வேறு, மலை சுற்ற வந்த கிரிவலக் கூட்டம். செங்கம் ரோட்டில் ஆட்டோ விடவில்லை, சி.பி.யு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது. பாய்க்கு நான்கு முறை போன். எடுக்கவில்லை. பன்னிரண்டு வருடமாக என் மிஷினைத் திறக்க நான் விட்ட ஒரே ஆள். இந்த ஊரில் ஒருவரையாவது நம்பலாம் என்று இருந்தேன். அவரும் ஏமாற்றிவிட்டாரா?

ஜூன் 11, புதன்

செய்து பார்த்தவை: போர்டில் சொருகும் பெரிய பின், சின்ன பின் இரண்டையும் பிடுங்கி மாட்டியது. மெமரியைக் கழற்றி இவர் பென்சில் ரப்பரால் தேய்த்தது (யூடியூப் ஞானம்). வேறு பிளக். வேறு வயர். நன்றாகத் திட்டியது. பலன், அதே ஐந்து.

பதினொரு மணிக்கு ஆட்டோ கிடைத்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பாய் கடைக்கு. அவர் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாகக் கழற்றி, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு கம்பியால் சேர்த்து அதை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தார். பத்து நிமிடம் ஃபேன் நிற்காமல் ஓடியது.

"இது நல்லாதான் இருக்குதுக்கா. முன்னாடி பட்டன்தான்... அத்த நீங்களே வீட்ல கொஞ்சம்..."

முடிக்க விடவில்லை நான்.

"பட்டன் என்னா பண்ணுச்சு? இத நீங்க மாட்னப்புறம்தானே இப்படி ஆவுது? பழச புதுசுன்னு என் தலையில கட்டிட்டீங்க!"

கடையில் மூன்று பேர். லேப்டாப்போடு நின்ற ஒருவர் "அப்புறம் வரேன்" என்று நழுவினார். பாய் அவர் போவதையே பார்த்தார். "வேணும்னா வேற போட்டுத் தரேங்க்கா." ஒன்றும் வேண்டாம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கேட்க வேண்டியதுதான்.  திருடன் என்று நான் சொல்லவில்லை. சொன்ன மாதிரிதான் என்கிறார் இவர். இவரை யார் கேட்டது?

ஜூன் 12, வியாழன்

பஸ் ஸ்டாண்ட் பக்கம் வேறொரு கடை. போனிலிருந்து தலை நிமிராத ஆள். "போர்டு பூடுச்சு. வெச்சிட்டுப் போங்க, திங்கக்கெழம பாக்கலாம்." திங்கட்கிழமையாம்! திரும்பத் தூக்கி வந்தேன். இடுப்பு போய்விட்டது.

கயல் போன். "அக்கா, ஆயிடும்ல?" ஆயிடும் என்றேன். வைத்ததும் சுவரைப் பார்த்து அன்வர் பாயை இன்னொரு ரவுண்டு.

மூன்று மணி. ஆத்திரத்தில் பட்டனை ஒரு குத்து. உள்ளே போனது வெளியே வரவில்லை. குனிந்து பார்த்தேன். பட்டனைச் சுற்றிச் சந்தனம், காய்ந்து கெட்டியாக. மேலே குங்குமம்.

செவ்வாய் காலை, புதுசு மாட்டியிருக்கிறதே என்று குளித்துவிட்டு வந்து பொட்டு வைத்தது நான். ஸ்கிரீனுக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று, பட்டன் மேல் நல்ல பெரியதாக ஒன்று. பட்டன் அமுங்கியே நின்றால் மிஷின் தானே அணைந்துவிடும். இது இவருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது, இப்போது சொல்கிறார். வேறு ஒரு கோளாறும் இல்லை.

ஊக்கு. பழைய பல் பிரஷ். ஐந்து நிமிட வேலை. ஓடியது. நான்காம் இயல் அப்படியே இருக்கிறது. சந்தோஷம் வரவில்லை. அந்தப் பெட்டியை உதைக்க வேண்டும் போல இருந்தது. பெட்டி என்ன செய்தது?

ஜூன் 13, வெள்ளி

பிரிண்ட் முடிந்தது. கயல் பத்தரை பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு எரிச்சல். அவள் மேல் இல்லை.

மதியம் பாய் கடை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, ஜும்மா தொழுகைக்குப் போயிருக்கிறார். வெயிலிலேயே நின்றேன், எனக்கு வேண்டியதுதான் என்று. தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"வாங்கக்கா. மிஷின் ஆச்சா?"

ஒன்றும் நடக்காதது போல. அதற்கும் கோபம் வந்தது. சந்தனம், ஊக்கு, எல்லாம் சொன்னேன். "தப்பு என்னுது பாய்."

"தெரியுங்க்கா. பெட்டிய மேசை மேல வெச்சப்பவே பாத்துட்டேன்."

"பாத்துட்டு சும்மா இருந்தீங்களா? ஒரு துணியால துடைச்சிருந்தா அங்கயே தீந்திருக்குமே!" மறுபடியும் கத்துகிறேன்.

பாய் ஷட்டரை மேலே தள்ளினார்.

"சாமின்னு வெச்ச பொட்டுக்கா. நான் கை வெச்சு அழிச்சி, நாளைக்கு யாராச்சும் எதுனா சொல்லிட்டா?"

யாராச்சும் என்றால் யார் என்று கேட்கவில்லை. அந்தக் கடையில் நின்று கத்தியது நான் ஒருத்திதான்.