ஐந்து டிகிரி

பதிவு 1
முதல் நாள், காலை 06:40. மேட்டு நிலையம், வண்டிக் கொட்டகை.

இந்த வண்டியின் பதிவை எடுத்துப் படிப்பவருக்கு: என் பெயர் உமையாள். செவ்வாயில் மேட்டு நிலையத்தின் மருந்தகம் என் பொறுப்பு. வண்டி ஓட்டுபவர் கோயில்பிள்ளை அண்ணாச்சி. இந்தத் தடத்தில் அவரை விட அதிகம் ஓட்டியவர் யாரும் இல்லை.

சரக்கு: குளிர்பெட்டி ஒன்று. உள்ளே ஐந்து அடுக்கு ஊசிமருந்துக் குப்பிகள். போகுமிடம் பள்ளத்துச் சுரங்கம். அங்கே காற்றுக் குழாயில் பிடித்த பூஞ்சை சுரங்கத்து ஆட்களின் நுரையீரலில் ஏறிவிட்டது. பாதிப் பேர் படுக்கையில். மருந்து எங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

இரண்டு டிகிரிக்குக் கீழே போனால் மருந்து உறைந்து கெடும். எட்டுக்கு மேலே போனால் சூட்டில் கெடும். கெட்ட குப்பியைக் குலுக்கினால் உள்ளே நூல் நூலாகத் திரியும். நல்லது தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும்.

பெட்டி ஐந்தில் நிற்கிறது. கேபின் இருபத்திரண்டு. வெளியே மைனஸ் அறுபது. இரண்டு நாள் பயணம்.

அண்ணாச்சி பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நமக்கு ஒரு மின்விசிறி கிடையாது. இதுக்கு ஏசி."

பதிவு 2
முதல் நாள், மாலை 17:15.

தடம் சுத்தம். பெட்டி ஐந்து. அண்ணாச்சி வழி நெடுகப் பேசிக்கொண்டே வருகிறார். மனைவி ரோஸ்லின் நிலையத்துச் சமையற்கூடத்தில் வேலை. அவர் கொடுத்தனுப்பிய புளிச்சோற்றை என் தட்டில் பாதி தள்ளினார். வேண்டாம் என்றேன். "சாப்பிடு பிள்ளே, அவ கேட்பா" என்றார்.

பள்ளத்திலிருந்து டாக்டர் பிலோமினா பேசினார்: "இன்னைக்கு ரெண்டு பேர் போயிட்டாங்க. உங்க வண்டி எங்க வருதுன்னு எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. நானும் சொல்லிட்டே இருக்கேன்."

பதிவு 3
இரண்டாம் நாள், காலை 11:05.

விபத்து. மணல் மேலோடு உடைந்தது. வண்டி வலப்பக்கமாகச் சரிந்து, ஒருமுறை புரண்டு, நிமிர்ந்து நின்றது. காற்றுக் கசிவு இல்லை. எனக்குத் தோளில் அடி, அவ்வளவுதான்.

ஓட்டுநர் பக்கத்துச் சுவர் உள்வாங்கி இருக்கையோடு சேர்ந்து அண்ணாச்சியின் தொடையை நசுக்கிவிட்டது. ஜாக்கி வைத்துத் தூக்கி அவரை இழுத்தேன். ரத்தம் அதிகம் போயிருக்கிறது. கட்டுப் போட்டு நிறுத்தியிருக்கிறேன். நினைவு இருக்கிறது.

பெட்டியின் குளிரூட்டி நொறுங்கிவிட்டது. மூடி கோணி, சரியாக மூடவில்லை. குப்பி ஒன்றும் உடையவில்லை.

முன்சக்கரம் வளைந்திருக்கிறது. வண்டி நகரும், நடை வேகத்தில். மீதி இருந்த ஒரு நாள் வழி இனி இரண்டு நாளாகும்.

பதிவு 4
இரண்டாம் நாள், பகல் 13:30.

கேபின் இருபத்திரண்டு. பெட்டி ஏழரை, ஏறுகிறது.

பெட்டியைப் பின்னால் இருக்கும் சரக்கு அறையில் வைத்துப் பார்த்தேன். அங்கே சூடு கிடையாது. துணி சுற்றி வைத்தும் மேலடுக்கு உறைந்துவிட்டது. எடுத்துக் குலுக்கினேன். நூல் நூலாக. ஓர் அடுக்கு மொத்தமும் போச்சு. என் அவசரம்.

வேறு வழி இருக்கிறதா என்று யோசித்தேன். மாற்றி மாற்றி அங்கே வைத்து எடுத்தால், மூடாத பெட்டிக்குள் அடுக்கடுக்காக உறைந்துவிடும். இந்த வண்டியில் நான் விரும்பிய சூட்டில் வைக்கக்கூடிய இடம் ஒன்றுதான். நாங்கள் இருக்கும் கேபின்.

ஹீட்டர் திருகை ஐந்துக்கு இறக்கியிருக்கிறேன்.

பதிவு 5
இரண்டாம் நாள், மாலை 16:00.

இரண்டு போர்வையையும் அண்ணாச்சிக்குப் போர்த்தினேன். வெளியே போகும் உடையின் உள்ளே சூடேற்றும் சட்டை ஒன்று உண்டு. என்னுடையதைக் கழற்றி அவருக்குப் போட்டேன். அவருடைய சட்டையும் சார்ஜ் போடும் இடமும் நசுங்கிய சுவரோடு போய்விட்டன. இருக்கிற சார்ஜ் நாளைக் காலை வரை வரும்.

டாக்டர் பிலோமினாவிடம் நிலைமையைச் சொன்னேன். அவர் பதிலை அப்படியே எழுதுகிறேன்.

"இவ்வளவு ரத்தம் போனவருக்கு உடம்பு தானா சூடு உண்டாக்காது. அஞ்சு டிகிரியில ரெண்டு நாள் தாங்க மாட்டார். கேபினைச் சூடா வச்சா பிழைக்கலாம். நிச்சயம்னு சொல்ல மாட்டேன். இங்க இருக்கிறவங்க ஊசி போட்டா நிச்சயம் பிழைப்பாங்க. இதுக்கு மேல என்கிட்ட கேட்காதீங்க."

மேட்டு நிலையத்துத் தலைவரைக் கேட்டேன். மேட்டிலும் பள்ளத்திலும் வேறு வண்டி இல்லை, தூரத்து நிலையத்திலிருந்து மீட்பு வண்டி வந்து சேர மூன்று நாளாகும் என்றார். பிறகு: "களத்தில் இருப்பவர் நீங்கள். முடிவு உங்களுடையது. நிலையம் உங்கள் பக்கம் நிற்கும்." எந்த முடிவின் பக்கம் என்று சொல்லவில்லை.

பதிவு 6
மூன்றாம் நாள், காலை 08:20.

சூட்டுச் சட்டை அணைந்துவிட்டது. பெட்டி ஐந்து.

அண்ணாச்சிக்கு விஷயம் தெரியும். நான்தான் சொன்னேன். இவரைப் போன்ற மனிதர் "என்னைப் பார்க்காதே, மருந்தைக் காப்பாத்து" என்று சொல்வார் என எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் அப்படிச் சொல்லவில்லை.

"கொஞ்சம் சூடு போடு பிள்ளே. கொஞ்ச நேரம் போதும்."

முடியாது என்றேன்.

"எனக்கு அவங்க யாரையும் தெரியாதே பிள்ளே. ஒருத்தரையாவது தெரிஞ்சிருந்தா பல்லைக் கடிச்சிட்டுக் கெடப்பேன்."

வண்டியை எடுத்தேன்.

பதிவு 7
மூன்றாம் நாள், காலை 11:45.

சக்கரத்தில் கல் மாட்டியது. வெளி உடை போட்டு இறங்கினேன். சூட்டுச் சட்டை இல்லாமல் அதிக நேரம் நிற்க முடியாது. நெம்பி எடுத்துவிட்டு உள்ளே வந்தேன்.

முகத்தில் சூடு அடித்தது. கதவருகே அப்படியே நின்றேன். ஒரு நொடி என்ன நல்ல சூடு என்றுதான் தோன்றியது.

அண்ணாச்சி தரையில் தவழ்ந்து போய் ஹீட்டரை முழுதாகத் திருகிவிட்டிருந்தார். ஊதும் துவாரத்தில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் நிறம் வந்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார், ஏதோ பண்டத்தைத் திருடித் தின்று மாட்டிக்கொண்டவர் மாதிரி.

பெட்டி ஏழு புள்ளி ஒன்பது.

நான் அணைத்தேன். வாசல் காற்றுப் பூட்டின் உள்கதவை மட்டும் திறந்து, அந்தச் சிற்றறையின் குளிரை உள்ளே விட்டேன். அவர் என் காலைப் பிடித்துக்கொண்டார். வயது ஐம்பத்தாறு அவருக்கு. என்னைப் பிள்ளை என்று கூப்பிடுகிறவர்.

குப்பிகளைக் குலுக்கிப் பார்த்தேன். தெளிவாக இருக்கின்றன. தப்பியது.

அவருடைய மணிக்கட்டு இரண்டையும் கட்டுத்துணியால் இருக்கைக் கம்பியில் கட்டியிருக்கிறேன். இறுக்கமாக இல்லை. அவிழ்க்க முடியாத அளவு.

பதிவு 8
மூன்றாம் நாள், பகல் 14:10.

டாக்டர் பிலோமினா: "இன்னும் மூணு பேர். நீங்க வேகமா வர முடியாதுன்னு எனக்குத் தெரியும். சும்மா சொல்றேன். யார்கிட்டயாவது சொல்லணும்ல."

அண்ணாச்சி நடுங்குவதை நிறுத்திவிட்டார். நடுக்கம் நிற்பது நல்ல அறிகுறி இல்லை என்று படித்திருக்கிறேன். வண்டியை நிறுத்தி, அவர் போர்வைக்குள் புகுந்து படுத்தேன். அவரைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். என் உடம்பில் இருந்த சூடு போய்க்கொண்டே இருந்தது. அவருக்குப் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் பள்ளத்தில் ஒருவருக்கு நஷ்டம். எழுந்து ஓட்டினேன்.

வண்டி ஓட்டிக்கொண்டே நினைத்தது: சீக்கிரம் முடிந்தால் தேவலை. எழுதியதை அழிக்கப் போவதில்லை.

பதிவு 9
மூன்றாம் நாள், மாலை 16:30.

ரேடியோவில் ரோஸ்லின் அக்கா. தலைவரின் அறைக்குள் புகுந்து மைக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். பின்னால் யாரோ வேண்டாம் வேண்டாம் என்பது கேட்டது.

"உமையா, அங்க ஹீட்டர் நல்லாத்தானே இருக்கு?"

நல்லா இருக்கு என்றேன்.

"பெறவு ஏன் போட மாட்டேங்க? எல்லாரும் என்னமோ கணக்கு சொல்றாங்க. இத்தனை பேருக்கு ஒருத்தர்ன்னு. அந்த ஒருத்தருக்கு நான் சோறு பொங்கிப் போட்டிருக்கேன். நீயும் என் கையால சாப்பிட்டிருக்க. போடு பிள்ளே."

ஐந்தில் நின்ற திருகைப் பார்த்தேன்.

"போடுதியா?"

"போட்டுட்டேன் அக்கா."

"போட்டுட்டியா?"

"இப்பதான் போட்டேன். கேபின் சூடாயிட்டு வருது. அவர் தூங்குறார்."

அந்தப் பக்கம் அவர் அழுதார். "நீ நல்லா இருப்ப. உன் பிள்ளைகுட்டி நல்லா இருக்கும்" என்றார். நான் இணைப்பை அணைத்தேன்.

திரும்பினேன். அண்ணாச்சி விழித்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் தெரியவில்லை. என்ன தெரிந்தது என்று எழுத வரவில்லை.

அதன் பிறகு அவர் சூடு கேட்கவில்லை.

பதிவு 10
மூன்றாம் நாள், மாலை 18:50.

கட்டை அவிழ்த்துவிட்டேன். அவர் கையை நகர்த்தவில்லை.

ஒருமுறை பேசினார். குழறலாக. "சட்டையக் கழட்டு, வேர்க்குது" என்றார். உறைகிறவர்களுக்குக் கடைசியில் அப்படித்தான் தோன்றுமாம். நான் அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. அவர் கேட்டதில் என்னால் தர முடிந்தது அது ஒன்றுதான்.

பெட்டி ஐந்து.

பதிவு 11
நான்காம் நாள், காலை 07:05.

கோயில்பிள்ளை அண்ணாச்சி விடியும் நேரத்தில் போய்விட்டார்.

வண்டியை நிறுத்தவில்லை. சரக்கு அறைக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போக எனக்குப் பலமும் இல்லை. பக்கத்து இருக்கையில்தான் இருக்கிறார். பெல்ட் போட்டிருக்கிறேன், வளைவில் சாய்ந்துவிடக் கூடாதென்று.

கேபின் ஐந்து. பெட்டி ஐந்து. அவரும் ஐந்துக்கு இறங்கிக்கொண்டிருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் மூன்றும் ஒன்றாகிவிடும்.

மருந்துக்கு எந்தப் பங்கமும் இல்லை.

பதிவு 12
நான்காம் நாள், காலை 10:20.

ரேடியோ மூன்று முறை கூப்பிட்டது. மேட்டு நிலையம். எடுக்கவில்லை.

விரல் மடங்கவில்லை. எழுத்து கோணல். படிப்பவர் பொறுக்கவும்.

அவரிடம் பேசிக்கொண்டு வந்திருக்கிறேன் போல. புளிச்சோறு பற்றி ஏதோ. என் குரலை நானே கேட்டுத்தான் தெரிந்தது.

பள்ளத்தின் கோபுர விளக்கு தெரிகிறது.

பதிவு 13
நான்காம் நாள், மாலை 15:40. பள்ளத்துச் சுரங்கம்.

சேர்ந்துவிட்டேன். வண்டியில் வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவரை எடுத்துப் போய்விட்டார்கள். திருகு இன்னும் ஐந்தில்தான் இருக்கிறது. ஏற்றத் தோன்றவில்லை.

நடந்தது.

டாக்டர் பிலோமினா வாசலிலேயே குப்பி ஒன்றை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துக் குலுக்கினார். தெளிவாக இருந்தது. அடுத்தது. அதுவும். நான்கு அடுக்கும் நல்லது. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, "நர்ஸ் ரெண்டு பேரும் படுத்துட்டாங்க. நீங்களும் ஊசி போடணும்" என்றார்.

போட ஆரம்பித்தேன். முதல் கட்டிலில் ஒரு பெரியவர். கையை இழுத்துக்கொண்டார். வலியில் முகம் சுருங்கியது.

டாக்டர் பின்னாலிருந்து சொன்னார், சாதாரணமாக, எல்லாருக்கும் தெரிந்ததைச் சொல்வது போல: "குளிர்ந்த மருந்தை நேரா ஏத்தினா ரொம்ப வலிக்கும். உள்ளங்கையில கொஞ்ச நேரம் பொத்தி வச்சிருந்துட்டுப் போடுங்க. போடுற நேரத்துக்குச் சூடானா ஒண்ணும் ஆகாது."

வண்டியில் நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. நான்கு நாளாகத் தூங்காதவர்.

இரண்டாவது கட்டிலில் ஒரு பெண். பதினெட்டு வயது இருக்கலாம். பெயர் கேட்கவில்லை. குப்பியை எடுத்து இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சில்லென்று இருந்தது. பிறகு அவ்வளவு இல்லை. பிறகு கதகதப்பாக வந்தது. எவ்வளவு சீக்கிரம்.

"யாரோ டிரைவர் இறந்துட்டாராமே அக்கா" என்றாள் மூச்சு வாங்க.

ஆமாம் என்றேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

ஊசியை ஏற்றினேன். அவள் கண்ணை இறுக மூடியிருந்தாள். முடிந்தது தெரியாமல் இன்னும் காத்திருந்தாள். முடிந்துவிட்டது என்றேன். கண்ணைத் திறந்தாள். என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"வலிக்கவே இல்லக்கா. உங்க கை நல்ல சூடு."

அடுத்த குப்பியை எடுத்தேன்.