சவுக்காரம் படாத சட்டை

ஜூன் 8, ஞாயிறு

மகள் வீட்டு மூத்தவன் யுகேந்திரன் ஜோகூரில் இஞ்சினியர். சொந்த வீடு, ஓட்டச் சொந்தக் காடி. அவன் தங்கை சுபாஷினி பல் டாக்டருக்குப் படிக்கிறாள், இன்னும் ஒரு வருடம்தான். கடைக்குட்டி காமினி பினாங்குக்காகப் பேட்மிண்டன் ஆடி வெள்ளிப் பதக்கம் வாங்கினாள், பேப்பரில் படம் வந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் பேரப்பிள்ளைகள் இப்படி. இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை, கண் பட்டுவிடும். "ஆமாக்கா, நீங்க சொல்றதே இல்ல, லிஃப்டுல ஏறுறவங்கதான் தானா தெரிஞ்சிக்கிறாங்க" என்கிறாள் பக்கத்து வீட்டு ஹபீபா பீவி. அவள் வாய் அப்படி.

மூன்று பேருக்கும் பேர் வைத்த அன்று போட்டது ஒரே சட்டை. வெள்ளைப் பருத்தி, கழுத்தில் நீல நூல். என் வீட்டுக்காரர் ராமதாஸ் துறைமுகத்தில் வேலை பார்த்தபோது வாங்கி வந்தது. அதில் இதுவரை சவுக்கார நுரை பட்டதே இல்லை. ஒவ்வொரு விசேஷம் முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, அவருடைய பழைய வேட்டித் துண்டோடு மடித்து அலமாரியில் வைத்துவிடுவேன். சவுக்காரம் போட்டால் ராசி போய்விடும்.

அடுத்த ஞாயிறு என் மகன் மோகனராஜின் பிள்ளைக்கு அந்தச் சட்டை. அவனுக்குக் கல்யாணமாகி எத்தனை வருடம் கழித்து! மருமகள் பிரமிளாவுக்கு இதற்கு முன்னால் இரண்டு கரு தங்கவில்லை. குட்டி தூங்கும்போது மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறேன். அவளும் அப்படிப் பார்ப்பதை இன்று பார்த்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

பிரமிளாவுக்குத் துணி துவைப்பதில் ஆயிரம் சட்டம். குட்டி துணி தனியாக. மோகன் புக்கிட் தெங்கா ஃபேக்டரிக்குப் போட்டுப் போகிற யூனிஃபார்ம் அதன் கிட்டேயே வரக்கூடாது. குட்டி துணிக்கென்று தனிச் சோப்புத் தண்ணி, இரண்டு தரம் அலச வேண்டும். எனக்கு ஒரே சட்டம், பொழுது சாய்ந்தபின் குழந்தைத் துணி வெளியே கிடக்கக் கூடாது. நேற்று ஏழு மணிவரை கழியில் தொங்கிற்று. நானே இழுத்து உள்ளே போட்டேன்.

"காத்துல என்ன அத்தை இருக்கு? ஒன்பதாம் மாடியில பேய் ஏறி வருமா?"

"பேய்க்கு லிஃப்டு எதுக்கும்மா?" என்றேன். சிரித்துவிட்டாள். நல்ல பெண்தான். எனக்குத்தான் அவளிடம் ஒரு பயம். எதையாவது தப்பாகச் செய்துவிடுவேனோ என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

மோகன் வேலை முடிந்து வந்து சொன்னான். பிறந்ததும் குட்டிக்கு இரத்தம் சோதித்தார்கள் அல்லவா, அதில் ஜி சிக்ஸ் பி டி என்று ஏதோ ஒன்று குறைவாம். நிறையப் பிள்ளைகளுக்கு இருப்பதுதானாம். "பயப்பட ஒன்னும் இல்லம்மா. ஆனா சில சாமான் ஆகாது. பாச்சை உருண்டை வீட்லயே இருக்கக் கூடாதுன்னு நர்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னாங்க. உங்க அலமாரியில போட்டிருப்பீங்களே, வெள்ளையா, அது."

உடனே எல்லாவற்றையும் பொறுக்கினேன். அலமாரியில், குளியலறையில், தையல் மிஷின் டிராயரில். நெகிழிப் பையில் முடிச்சுப் போட்டுக் கீழே குப்பைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு வந்தேன். முட்டி வலித்தது. பெரியவள் சொல் கேட்கமாட்டாள் என்று எவரும் பேச முடியாது.

ஜூன் 11, புதன்

குட்டி இன்று என்னைப் பார்த்து வாயைக் கோணினான். சிரிப்புதான். காற்று என்கிறாள் பிரமிளா.

ஜூன் 15, ஞாயிறு

பேர் வைத்தாயிற்று. கவினேஷ். மகள் குடும்பத்தோடு வந்தாள், புக்கிட் மெர்தாஜாமிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தார்கள், ஹபீபா பெரிய சட்டியில் பிரியாணி ஆக்கிக் கொடுத்தாள்.

காலையில் தேங்காயெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, மறுபடி கொஞ்சம் எண்ணெய் தடவி, சட்டையைப் போட்டேன். அப்படியே பொருந்திற்று! பிரமிளா மோந்து பார்த்தாள்.

"என்னமோ வாசம் வருதே. துவைச்சீங்களா அத்தை?"

"எல்லாம் சுத்தமாத்தான் இருக்கு. வெயில்ல போட்டு எடுத்தேன்."

சம்பந்தியம்மா பக்கத்தில் இருந்தாள். அவள் எதிரே பிரமிளா மேலே கேட்கவில்லை. வெயிலில் போட்டது உண்மைதான். வெள்ளிக்கிழமை முழுக்கச் சன்னலோரம் கிடந்தது. உருண்டையும் இல்லை. பிறகு என்ன?

வேட்டித் துண்டில் சுற்றித் தொட்டிலில் போட்டேன். அசந்து தூங்கினான். அவர் வாசம் அதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

ஜூன் 17, செவ்வாய்

பகலில் பேம்பர்ஸ் போடுவதில்லை, துணிதான். அதைக் கையால் கசக்குவது என் வேலை. இன்று ஒரு துணியில் ஈரம் தே-ஓ நிறத்தில் இருந்தது. பால் ஊற்றாத தேத்தண்ணி, அதே நிறம். புதுத் தொட்டில் சேலையின் சாயமோ என்று நினைத்தேன். அடுத்த துணியும் அப்படியே. சேலை பச்சை. பச்சையில் எப்படி இந்த நிறம் வரும்?

பிரமிளாவிடம் சொல்லவா? வெயில் காலம், பால் போதவில்லை என்று இருக்கும். சொன்னால் பதறுவாள். நானே துவைத்துக் காயப்போட்டுவிட்டேன். கறை போய்விட்டது.

போய்விட்டது என்று எழுதிவிட்டு மறுபடி எழுந்து போய்த் துணியைப் பார்த்தேன். ஏன்?

ஜூன் 18, புதன்

காலையில் அவனைச் சன்னல் பக்கம் தூக்கிப் போனேன். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. உதடு வெளுத்துக் கிடந்தது. பால் குடிக்கவில்லை, அழக்கூட இல்லை.

"பிரமிளா! இங்க வாம்மா, பிள்ள கண்ணப் பாரு!"

அவள் கத்திய கத்தலில் ஹபீபா கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். மோகன் வேலைக்குப் போய்விட்டான். ஹபீபா மகன் அஸ்ஹர்தான் காடி எடுத்தான். பெரியாஸ்பத்திரி. வழியெல்லாம் சிவப்பு விளக்கு. தே-ஓ நிறத்தைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். பிரமிளா என் முகத்தைப் பார்த்தாள். "நேத்தேவா?" என்றாள். அவ்வளவுதான்.

இப்போது ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பக்கத்தில் மற்றவர்கள் இருக்கிறார்கள், அழ முடியாது. எழுதலாம். உள்ளே அவனுக்குக் கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழ் படுக்க வைத்திருக்கிறார்கள். கண்ணாடி வழியாகக் கால் தெரிகிறது. அசைகிறதா? அசைந்தது. இல்லை, துணி அசைந்தது.

முருகா.

ஜூன் 19, வியாழன்

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நானே மாற்றிச் சொல்லிவிடுவேன்.

மோகன் வந்து சேர்ந்த பிறகு டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துக் கேட்டார். இரத்தம் உடைகிறதாம், உள்ளேயே. காரணம் தெரியாவிட்டால் ஒரு பக்கம் வைத்தியம் பார்க்க ஒரு பக்கம் உடைந்துகொண்டே இருக்குமாம். மஞ்சள் தலைக்கு ஏறினால் மூளைக்கு ஆபத்து. நஜ்வா என்ற தமிழ் முஸ்லிம் நர்ஸ் எனக்குத் தமிழில் சொன்னாள். நாட்டு மருந்து கொடுத்தீர்களா? இல்லை. பிள்ளையின் அம்மா மொச்சை ஏதும் சாப்பிட்டாளா, அதுவும் ஆகாதாம்? இல்லை. பாச்சை உருண்டை?

"இல்ல, டாக்டர். என் மாமியார் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டாங்க. நான் கேட்டேன்" என்றாள் பிரமிளா. எனக்காகப் பேசினாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. உருண்டைதான் போய்விட்டதே, உருண்டைதான் போய்விட்டதே என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது நஜ்வா ஒரு தட்டில் அவனுடைய துணியைக் கொண்டு வந்தாள். காலையில் அவசரத்தில் நான்தான் அவர் வேட்டித் துண்டில் சுற்றித் தூக்கி வந்திருந்தேன். மூன்று நாளாக அவன் படுத்திருந்தது அதில்தான். "ஊசி போடணும், இதுல சுத்திப் பிடிச்சிக்கிறேன், குளிரும்ல" என்று அவள் உள்ளே போகத் திரும்பினாள்.

"அத எடுத்துட்டுப் போகாத!" என்று கத்தினேன். வெளியே இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். "அத அவன் மேல போடாதம்மா. அது உருண்டையோட கிடந்த துணி. சட்டையும்தான். வருஷக்கணக்கா. நான் தொவைக்கல."

நஜ்வா துணியை மூக்கருகே கொண்டுபோனாள். டாக்டரம்மாவிடம் மலாயில் வேகமாகச் சொன்னாள். பிறகு என் பக்கம் குனிந்து, "பாட்டி, உருண்டைய எடுத்தாலும் அந்த மருந்து துணியில ஊறி இருக்கும். வெயில்ல போட்டா போதாது. எண்ணெய் தடவின தோல்ல இன்னும் சீக்கிரம் ஏறிடும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

மோகன், "எல்லாத்தையும் தூக்கிப் போட்டேன்னு சொன்னீங்களே மா" என்றான்.

"போட்டேன்டா. உருண்டைய மட்டுந்தான் போட்டேன்."

பிரமிளா என் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் கேட்டேனே அத்தை. தொவைச்சீங்களான்னு கேட்டேனே."

இரத்தம் மாற்றப் போகிறார்கள். அவன் உடம்பு இரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வேறு இரத்தம் ஏற்றுவார்களாம். இத்தனையூண்டு உடம்பில் எங்கே ஊசி குத்துவார்கள்?

ஜூன் 20, வெள்ளி

உயிரோடு இருக்கிறான்.

ஜூன் 22, ஞாயிறு

என்னை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டான் மோகன். "ரெஸ்ட் எடுங்கம்மா" என்றான். அது ரெஸ்ட் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஹபீபா கஞ்சி கொண்டு வந்தாள். "வேணும்னா செஞ்சீங்க? எங்க வீட்லயும் அந்த உருண்டைதான் கிடந்திச்சு. எல்லாத்தையும் அள்ளிப் போட்டு, பெட்டியோட கழுவி வச்சாச்சு. நீங்க சாப்பிடுங்க லா, அக்கா." இரண்டு வாய் சாப்பிட்டேன். அவள் போனதும் என் கையை மோந்து பார்த்தேன். வாசம் இருக்கிறது. இல்லை. இருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

மஞ்சள் இறங்குகிறது. பால் குடித்தானாம். காது கேட்கிறதா என்று பிறகு சோதிப்பார்களாம். மஞ்சள் ஏறினால் காதும் போகலாமாம். மோகன் இதை ஏன் என்னிடம் சொன்னான்? சொல்லாமல் இருந்தால் அதுவும் வலிக்கும்.

ஜூலை 2, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே புக்கிட் மெர்தாஜாமுக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். மோகனுக்கு அங்கிருந்து வேலை பக்கமாம். சாமான் எடுக்க அவன் மட்டும் வந்தான்.

"எப்படா வருவீங்க?"

"பார்ப்போம்மா."

குட்டி துணிகளை எடுத்து வைத்தான். நான் மடித்துக் கொடுக்கக் கை நீட்டினேன். "வேணாம்மா, நான் பார்த்துக்கிறேன்" என்றான். என் கை அப்படியே நின்றுவிட்டது. என்னைத் திட்டிவிடடா என்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டேன். அவன் திட்டவில்லை.

அவன் போனபின் அலமாரியைக் காலி செய்து, பலகை பலகையாகச் சோப்புப் போட்டுத் துடைத்தேன். சேலையெல்லாம் மிஷினில் போட்டேன், இரண்டு தரம், மூன்று தரம். பட்டுச் சேலைகூட. சுருங்கிப் போயிற்று. போகட்டும். யார் இனி என்னைப் பட்டில் பார்க்கப்போகிறார்கள்?

ஜூலை 7, திங்கள்

சுபாஷினி போன் செய்தாள். படித்த பிள்ளை, ஏதாவது சொல்லி என்னைக் கரைத்துவிடுவாள் என்று பயந்தேன். "பாட்டி, நீங்க அன்னிக்கு வாயத் தொறக்கலன்னா டாக்டர் இன்னும் தேடிக்கிட்டே இருந்திருப்பாங்க" என்றாள். அதற்கு முந்தின நாள் வாயைத் திறந்திருந்தால்? அதை அவளிடம் கேட்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

காது நன்றாகக் கேட்கிறது. சோதித்துப் பார்த்துவிட்டார்கள். சோதித்த அறையில் சத்தம் வந்ததும் கண்ணை உருட்டினானாம்.

இதைச் சொல்லக் கூப்பிட்டது மோகன் இல்லை, பிரமிளா. அவள் குரலை அன்றைக்குப் பிறகு இன்றுதான் கேட்கிறேன். சோதனை பற்றி எல்லாம் சொன்னாள். பிறகு, "அடுத்த வாரம் வாங்க அத்தை. வந்து இங்க குளிச்சிட்டு, நான் எடுத்து வச்சிருக்கிற துணி மாத்திட்டு அவன தூக்குங்க. கோவிச்சிக்காதீங்க" என்றாள்.

"இதுல கோவிக்க என்னம்மா இருக்கு? சட்டம்னா சட்டந்தான்" என்றேன். அவளும் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது.

போனை வைத்ததும் பையை எடுத்தேன். ஃபெர்ரிப் படகில் போகலாம், துறை வரை அஸ்ஹர் கொண்டுபோய் விடுவான். ஒரு கைலியை மடித்து வைத்தேன், எடுத்து மோந்து பார்த்தேன், மறுபடி மிஷினில் போட்டேன். அது காய்ந்ததும் மறுபடி மோந்தேன். குளித்துவிட்டு என் தோளை மோந்தேன், முடியை மோந்தேன். அங்கே போய்க் குளித்து, அவள் துணியைக் கட்டிக்கொண்டு, கையை நீட்டும்போது அவள் என் கையைப் பார்ப்பாள். நானும் பார்ப்பேன். தூக்கிய பிறகு அவன் ஒரு தரம் சிணுங்கினால்?

பையை அவிழ்த்துவிட்டேன்.

குடும்ப குரூப்பில் பேசி அனுப்பக் காமினி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "பிரமிளா, எனக்கு முட்டி சரியில்லம்மா, அடுத்த வாரம் வேணாம், அப்புறம் பார்ப்போம். பிள்ளையோட புதுப் படம் ஒன்னு போடு. வாசல் பக்கம் தூக்கிட்டு வந்து, நல்ல வெளிச்சத்துல எடு. தூங்கும்போது வேணாம். கண்ணத் தொறந்திருக்கும்போது எடு, கண்ணு வெள்ள நல்லாத் தெரியிற மாதிரி."