எல்பியோ ஆடிய இரண்டாம் பாதி

மொந்தேவிதேயோ
ஜூன் 14, 2011

அன்பு மகள் மரிசெல்லுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டி ஓல்லேயும் சுகம்தானே. இங்கே நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம், அந்த மட்டில் சுகம் என்று எழுதலாம். மூன்று நாளாக விடாத மழை, சமையலறைக் கூரை பழைய இடத்திலேயே ஒழுகுகிறது, உன் அப்பா வாளியை வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே மாத்தே தேநீர் குடிக்கிறார். உன் சித்தப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஆஸ்பத்திரிச் சூப்பில் உப்பில்லை என்று நர்ஸுகளோடு தினமும் சண்டையாம், அப்படியென்றால் தேறிவிட்டார் என்றுதான் அர்த்தம். அங்கே இப்போது கோடைதானே, பிறகு ஏன் பிள்ளைக்கு இருமல்? ஏரியில் இறங்கவிட்டால் உடனே தலையைத் துவட்டிவிடு, உன் ஊர்க்காரர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நான் கூரையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன் என்று உனக்குக் கோபம். எனக்குத் தெரிகிறது. மைதானத்தில் புது அரங்கத்துக்கு அப்பா பெயர் வைத்த விழாவைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள், அப்பா மட்டும் ஏன் சாவு வீட்டு வாசலில் நிற்கிறமாதிரி நிற்கிறார் என்று கேட்டாய். தொலைபேசிக்கு இரண்டடி தள்ளி அவர் உட்கார்ந்திருந்தார், நான் எப்படிச் சொல்வேன்? இன்று உன் சித்தப்பாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார், வர இரண்டு மணிநேரமாவது ஆகும். அதற்குள் எழுதிவிட வேண்டும்.

உனக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரிந்த கதைதான். 1979, அப்பா பயிற்சியாளராக இருந்த நம் சான் ரோக்கே கால்பந்துக் கிளப் தென்னமெரிக்கக் கண்டத்துக் கோப்பையை வென்றது, துறைமுகத்துச் சுமைதூக்கிகள் சேர்ந்து தொடங்கிய சின்னக் கிளப் பிரேசில்காரர்களை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்கடித்தது, கடைசி நிமிடத்தில் கோல்கீப்பர் எல்பியோ கோட்டின்மேல் விழுந்து பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்ட படம் இன்றைக்கும் ரொட்டிக்கடையில் தொங்குகிறது. வருஷாவருஷம் போட்டி தொடங்கும்போது கோப்பை வென்ற பயிற்சியாளர்கள் எல்லாருடைய பெயரையும் பத்திரிகையில் வரிசையாகப் போடுவார்கள், இறந்துபோனவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவை இருக்கும். உன் அப்பா அந்தப் பக்கத்தைப் படிக்காமல் மடித்து அடுப்பு பற்றவைக்கிற காகிதங்களோடு வைத்துவிடுவார். அதை அடக்கம் என்று நினைத்து நீ பெருமைப்படுவாய். அது அடக்கம் இல்லை, மரி.

உனக்கு அப்போது ஏழு வயது, பொன்னுக்கு வீங்கி வந்து அத்தை வீட்டில் படுத்திருந்தாய். நானும் எல்பியோவின் மனைவி நிபியாவும் மைதானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருந்தோம். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் உயரே வந்த ஒரு பந்தைப் பிடிக்க எல்பியோ பாய்ந்தான், பிரேசில்காரனின் முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில் இடித்தது. அந்தச் சத்தம் எங்களுக்கே கேட்டது. அவன் விழுந்து கிடந்த விதம் தூங்குகிறவனைப் போல இருந்தது, ஒரு கை மட்டும் புல்லைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தது. முதலுதவிக்காரர் ஓடிப்போய் எழுப்பி உட்காரவைத்து இன்றைக்கு யாரோடு ஆடுகிறோம் என்று கேட்டிருக்கிறார், எல்பியோ ஏதோ ஒரு நாட்டுப்புறக் கிளப்பின் பெயரைச் சொல்லியிருக்கிறான். அவர் திரும்பி, எல்லாரும் மரியாதைக்குத் தோன் என்று கூப்பிடும் உன் அப்பாவிடம், “தோன் அடேமார், அவன் இங்க இல்ல, வெளிய எடுங்க” என்றார். மாற்றுக் கோல்கீப்பர் அதுவரை ஒரு பெரிய ஆட்டம்கூட ஆடாதவன். நாம் ஒரு கோல் முன்னால் இருக்கிறோம், அரை மணிநேரம் மீதி. அப்பா உள்ளே போய் எல்பியோவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, “ஆட முடியுமா?” என்று கேட்டார். எல்பியோ, “நீங்க சொன்னா ஆடறேன், தோன்” என்றான். அப்பா “ஆடு” என்றார். இதெல்லாம் பிறகு அவரே எனக்குச் சொன்னது, ஒரே ஒரு முறை சொன்னார், அதற்குப் பின் இந்த மே மாதம்வரை அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

எல்பியோ ஆடினான். கோட்டின்மேல் விழுந்து அந்தப் பந்தைப் பிடித்தான். உடைமாற்றும் அறையில் எல்லாரும் பாடிக்கொண்டிருக்க, இவன் மூலையில் வாந்தியெடுத்துவிட்டு, கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்து, ஆட்டம் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும் என்று கேட்டானாம். எல்லாரும் சிரித்தார்கள். நல்ல ஜோக் என்று மறுநாள் பத்திரிகையில்கூட வந்தது. அந்த இரண்டாம் பாதி அவனுக்கு இன்றுவரை ஞாபகம் வரவேயில்லை. இந்த நாடே மறக்காத அரை மணிநேரம், அவன் ஒருத்தனுக்குத்தான் இல்லை.

அதற்குப் பின்னும் நாலு வருஷம் ஆடினான். பிறகு பால் வண்டி ஓட்டினான், வழி மறந்து வேறு ஊருக்குப் போய் நின்றான், வேலை போயிற்று. பிள்ளைகள்மேல் கத்துகிறான் என்று நிபியா வந்து அழுவாள். எல்பியோ மாமா உன் பிறந்தநாளுக்கு வந்து மெழுகுவத்தியை ஏற்றிய உடனே எழுந்து போனாரே, வெளிச்சம் தாங்கவில்லை அவனுக்கு. பத்து வருஷம் முன்னால் டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். உன் அப்பா அந்த டாக்டரைத் தனியாகப் போய்ப் பார்த்தார், எனக்குக்கூடச் சொல்லவில்லை, விழாவுக்குப் பின்தான் தெரிந்தது. டாக்டர், “ஒரே ஒரு அடிமேல பழி போட முடியாதுங்க, பதினஞ்சு வருஷம் தலையைக் கொடுத்தவர்” என்று சொன்னாராம். ஆறுதலுக்குத்தான் சொல்லியிருப்பார். அப்பா வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து ரேடியோவில் ஆட்டம் கேட்கும்போது கோல்கீப்பர் விழுந்துகிடக்கிறார் என்ற வார்த்தை வந்தால் போதும், அணைத்துவிடுவார். காலையில் அவர் முகம் மழிக்கிறபோது சில நாள் எனக்குச் சமையலறைவரை கேட்கும், ஒரே ஒரு சொல், “ஆடு.” தனக்குத்தானே சொல்கிறார் என்று அவருக்கே தெரியாது. நான் போய்க் கேட்டதும் இல்லை. பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேன்.

விழாவுக்கு வருகிறேன் என்று அவர் ஒப்புக்கொண்டதே எனக்கு ஆச்சரியம். சாம்பல்நிறக் கோட்டை எடுத்துத் தேய்க்கச் சொன்னார். எல்பியோவையும் நிபியாவையும் முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்று மட்டும் கிளப்காரர்களிடம் கேட்டுக்கொண்டார். மைக்கைக் கையில் கொடுத்ததும் நன்றி எதுவும் சொல்லவில்லை, அடிபட்டதையும், முதலுதவிக்காரர் சொன்னதையும், தான் சொன்னதையும் உனக்கு மேலே எழுதினேனே அப்படியே ஒன்றுவிடாமல் சொன்னார். கடைசியில், “கோப்பை வேணும்னு அவனை நான் அங்க நிறுத்தினேன். அவனுக்கு எதுவும் தெரியல, எனக்குத் தெரியும். இந்தச் சுவத்துல என் பேரு வேண்டாம்” என்றார். கல்லெறிவார்களோ என்றுகூட நினைத்தேன். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், மரி. பின்னாலிருந்து ஒருத்தன், “நினைவே இல்லாம கோப்பையைக் காப்பாத்தினான்யா! இவனல்லவா ஆம்பளை!” என்று கத்தினான், அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று எல்பியோ எல்பியோ என்று கையைத் தட்டத் தொடங்கியது. பெரிய ஆண்கள் அழுதார்கள். கிளப் தலைவர் வந்து அப்பாவைக் கட்டிப்பிடித்து, “இவ்வளவு நல்ல கதையை இத்தனை வருஷம் ஒளிச்சு வெச்சிருந்தீங்களே” என்றார். நீ பார்த்த வீடியோ அந்த இடம்தான். எல்பியோவும் எழுந்து நின்று கைதட்டினான், யாருக்கென்று தெரியாமல். நிபியா மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் உனக்கு எழுதப் பயந்தது அதற்கடுத்தது. அன்று ஆட்டத்தில் எல்பியோ விழுந்தபோது நிபியா என் பக்கத்தில் எழுந்து நின்று, “அவனை வெளிய எடுங்க, அவன் கண்ணைப் பாருங்க” என்று தொண்டை கிழியக் கத்தினாள். எங்கள் வரிசையே பயிற்சியாளர் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே, அப்பாவுக்குக் கேட்கிற தூரம். இன்னும் ஒருமுறை கத்தியிருந்தால் அவர் திரும்பிப் பார்த்திருப்பார். நான் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். “உட்காரு நிபியா, அடேமாருக்குத் தெரியும்” என்றேன். அவருக்குத் தெரியத்தான் செய்தது. உன் அப்பாவுக்கு நான் இதை ஒருநாளும் சொல்லவில்லை. விழாவுக்கு மறுநாள் மனம் பொறுக்காமல் நிபியா வீட்டுக்குப் போய், அவள் எல்பியோவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருக்க, நின்றபடியே சொன்னேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. “தெரியும் சுல்மா, தோள்ல தையலே விட்டுப்போச்சு” என்றாள். மன்னித்துவிடு என்றேன். “நீ இழுத்ததால நான் உட்காரலை. உன்னை உதறிட்டு எந்திரிச்சிருக்கலாம், உன்னைவிட எனக்குப் பலம் ஜாஸ்தி. எனக்கும் அந்தக் கோப்பை வேணும்னு இருந்துச்சு” என்றாள். பிறகு காப்பி போடவா என்று கேட்டாள். நாங்கள் காப்பி குடித்தோம். முப்பத்திரண்டு வருஷமாக ஒருவரையொருவர் தினமும் பார்க்கிறோம், அன்றைக்குத்தான் பார்த்தோம்போல இருந்தது.

ஆற்றுக்கு அக்கரையில் ரொசாரியோவிலிருந்து பாஸ்குவால் கிழவரும் கூப்பிட்டார், இரண்டு முறை கோப்பை வென்ற பயிற்சியாளர், அப்பாவோடு மைதானத்தில் கைகுலுக்காமல் போனவர் என்று நீ கேள்விப்பட்டிருப்பாய். அவர் கேலி செய்வார் என்று நினைத்துத்தான் நான் தொலைபேசியைக் கொடுத்தேன். அப்பா பேசி வைத்தபின் என்னவாம் என்றேன். “‘எனக்கும் ஒருத்தன் இருக்கான், முழங்கால்ல அடி, ரெண்டு ஊசி போட்டு ஆட இறக்கினேன்’னான். கோப்பை எடுத்த எங்க ஆளுங்க எல்லாருக்கும் ஒருத்தன் இருப்பான் போல” என்றார். பட்டியலில் இருக்கிற அத்தனை பெயர்களுக்கும் பக்கத்தில் அச்சிடாத இன்னொரு பெயர் இருக்கிறது என்று அன்று எனக்குத் தோன்றியது, இனிமேல் அந்தப் பக்கத்தை நானும் படிக்கமாட்டேன்.

விழாவின் சத்தம் எல்பியோவை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. மறுவாரம் மத்தியானம் கதவைத் தட்டினான், குளித்துத் தலைவாரி, மழையில் நனைந்து, பழைய ஆட்டச் சட்டையில். அப்பாவைப் பார்த்து, “தோன், நாளைக்குப் பைனல், நான் ஆடறேனா?” என்று கேட்டான். நோயாளியின் மனம் கோணாமல் பேச வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே, அதனால் அப்பா, “ஆடற எல்பியோ, நீ இல்லாம யாரு” என்றார். அவன் முகம் மலர்ந்து போய்விட்டான். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தான், அதே கேள்வி, அதே பதில். அப்பா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. “இன்னும் எத்தனை தடவை சுல்மா அவனை நான் உள்ள அனுப்பணும்” என்றார்.

போன வியாழக்கிழமை மறுபடி வந்தான். நான் மழைக்கு மாவு பிசைந்து தட்டிப் பொரித்துக்கொண்டிருந்தேன், இருவரையும் வாசல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு ஆடறேனா தோன் என்றான். அப்பா இரண்டு கையாலும் அவன் முகத்தைப் பிடித்து, “இல்ல எல்பியோ. நீ ஆடல. நாளைக்கு வேற ஒருத்தன் நிப்பான்” என்றார். அழுவான், அடிப்பான் என்று நான் கரண்டியோடு ஓடினேன். அவன் அப்படியே நின்றான். தோள் இரண்டும் தளர்ந்து இறங்கியது. “சரி தோன்” என்றான், “எனக்கும் தலை ரொம்ப வலிக்குது.” அப்பா அவனைக் கூட்டிவந்து நம் நீள நாற்காலியில் படுக்கவைத்து, ஈரத்துணியை நெற்றியில் போட்டு, நிபியா வந்து அழைத்துப்போகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவன் குறட்டைவிட்டுத் தூங்கினான். அப்பா என் பக்கம் திரும்பாமலே, “வலிக்குதான்னு கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பான். நான் அதைக் கேக்கலையே” என்றார்.

அதற்குப் பின் இரண்டு முறை வந்துவிட்டான். ஒவ்வொரு முறையும் அப்பா புதிதாகச் சொல்கிறார், இல்லை, நீ ஆடவில்லை என்று. நிம்மதி வந்ததா என்று தெரியாது, நீயும் கேட்காதே. தட்டுகிற சத்தம் கேட்டதும் இப்போதெல்லாம் அவரே எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறார்.

உன் குடும்பத்தைக் கன்னிமாதா கைவிடாமல் காக்கட்டும், பிள்ளை நீண்ட ஆயுளோடு வளரட்டும், உன் வீட்டு அடுப்பு என்றும் சூடாக இருக்கட்டும். ஓல்லேக்கு அந்த இருமல் ஒரு வாரத்தில் போகாவிட்டால் டாக்டரிடம் காட்டு, சும்மா தேன் கொடுத்துக்கொண்டிருக்காதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது இந்தக் கடிதம் வந்ததைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொல்லாதே, அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி அவரோடு பேசு, எது வேண்டுமானாலும் பேசு, அவசரமாக வைத்துவிடாதே.

உன்னை எப்போதும் நினைத்திருக்கும்
அம்மா சுல்மா