காவேரி கேட்ட லீவு

ஜூன் 9, திங்கள்
காலையிலிருந்து ஒரே காற்று. மாடியில் காயப்போட்ட துணியில் பாதி மில்லுப் பக்கம் பறந்துவிட்டது. விடுதி வேலை: தண்ணீர் லாரி, கேஸ், 4ஆம் ரூம் பல்பு.

காவேரி மறுபடி வந்து நின்றாள். ராமநாதபுரத்துப் பெண் (இங்கே எல்லோருமே தெற்கத்திப் பிள்ளைகள்தான்), மில்லுக்கு வந்து இரண்டு வருஷம். "அம்மாவுக்குக் கால எடுத்துட்டாகளாம்க்கா. ஒரு எட்டு பாத்துட்டு ஓடியாந்துர்றேன்." மேனேஜரிடம் சொன்னேன். "மூணு வருசம் பேசித்தான கூட்டியாந்தோம்? முடிச்சுப்போட்டுப் போகட்டும். இப்பப் போனா திரும்பி வருவாளா?" அவளிடம் 'பார்க்கலாம்' என்று சொல்லிவைத்தேன். வார்டன் வேலைக்கு அந்த ஒரு சொல் போதும்.

ஜூன் 10, செவ்வாய்
நாளை விசாரணைக்கு ஆபீசர்கள் வருகிறார்களாம். யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறார்கள், கொத்தடிமை என்று. என்ன பேச்சு அது? மூன்று வேளை சோறு, டிவி. ஞாயிறுதோறும் வீட்டுக்குப் போன். (நான் பக்கத்தில் நின்று கேட்பேன். விதி அப்படி.)

மேனேஜர்: "மல்லிகா, என்ன சொல்லோணும்னு புள்ளைகளுக்குச் சொல்லிக்குடுத்துப்போடு. ஒரு வார்த்தை மாறுச்சுன்னா நீதான் பதில் சொல்லோணும்."

எல்லோரையும் உட்காரவைத்து ஒப்பிக்கவைத்தேன். "நாங்களா இஷ்டப்பட்டுத்தானுங்க இருக்கறோம். லீவு கேட்டா உடனே குடுத்துப்போடறாங்க." காவேரியும் சொன்னாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

ஜூன் 11, புதன்
அத்தனை பேரும் ஒப்பித்தார்கள், ஒரு சொல் பிசகாமல். ஆபீசரம்மா பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, தெக்கத்திப் பிள்ளைங்க எல்லாருக்கும் எப்படி இந்தக் கோயம்புத்தூர்ப் பேச்சு வந்துச்சு?"

அட மண்டு! என் வாயில் வந்தபடியே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

சுவரைப் பார்த்தே ஒப்பித்த காவேரியிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார் ஆபீசரம்மா. கூடவே இரு என்று மேனேஜர் கண்ணைக் காட்டினார். காவேரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் போன அந்த அம்மா நினைப்பு வந்துவிட்டது. வெளியே போய்க் கதவைச் சாத்தினேன்.

நாலு மணிக்குக் காவேரி ஆபீசர் ஜீப்பிலேயே பையோடு ஏறிப் போய்விட்டாள். நாளைக்கு அம்மாவைப் பார்த்துவிடுவாள்.

ஐந்து மணிக்கு மேனேஜர். "காத்தால நீயும் கெளம்பிக்க அம்மணி."

துணிமணி எடுத்து வைத்துவிட்டேன். பயம் அடங்கவில்லை. பதினாறு வயதில் இதே மில்லுக்கு வேலைக்கு வந்தவள் நான், பிறகு வார்டன். கேட்டைத் தாண்டித் தனியாகப் போய்ப் பதினொரு வருஷம். பஸ் எங்கே நிற்கும் என்று வாட்ச்மேனைத்தான் கேட்க வேண்டும்.