வால்வு போடு

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். மேகனாவின் யூனிஃபார்ம் காயவில்லை. இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டிப் போட்டுவிட்டேன். தெருமுனை திரும்பும்வரை முறைத்துக்கொண்டே போனாள்.

ஆபீஸில் புது வேலை. எங்கள் சலவைக்கூடத்தில் ஓட்டல் விரிப்புகள் துவைக்கும் பெரிய மெஷின்கள் ஆறு, எல்லாம் நீராவியில் சூடாகுபவை. எப்படி நிறுத்துவது, எப்படித் திறப்பது என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு படம் மாட்ட வேண்டுமாம். கன்னடத்தில் ஒரு வரி, அதன் கீழே தமிழில் ஒரு வரி. இப்போது வேலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சத்தியமங்கலம் பக்கத்து ஆட்கள்.

மேனேஜர் மஞ்சுநாத் சார் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "கோமதியவரே, தமிழ் எழுதத் தெரிஞ்சவங்க இங்க நீங்க ஒருத்தர்தான். ஸ்டோர் ரெஜிஸ்டர் அப்புறம் பாக்கலாம். இத மொதல்ல மாடி, செஞ்சிடுங்க."

மனசுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. நாற்பது வயதில் முதல்தடவை என் தமிழுக்கு ஒரு வேலை. இந்த மைசூரில் பிறந்து கன்னடப் பள்ளியில் படித்தவளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்த எழுத்து. இதுவரை இந்த நோட்டு எழுதத்தான் உதவியது. வீட்டில் யாராலும் படிக்க முடியாது, அந்த ஒரு சௌகரியம்.

பால், கொத்தமல்லி, மேகனாவுக்கு கிராஃப் நோட்டு.

ஜூலை 8, செவ்வாய்

மழை இல்லை, வெயிலும் இல்லை.

காசு கொடுத்து மென்பொருள் வாங்க மாட்டார்கள். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பை ஏற்றினேன். போட்டோ திருத்துவதற்கான சாமான். படம் வரைய அது லேசில் சம்மதிப்பதில்லை. ஒரு செவ்வகத்துக்கு ஒரு மணிநேரம். நேராகச் செவ்வகம் போட வழி கிடையாது. முதலில் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, பிறகு அதன் விளிம்பில் கோடு ஓட்டு என்று சொல்ல வேண்டும்.

கற்றுக்கொண்டவை:
- வட்டம்: நீள்வட்டத் தேர்வு, இழுக்கும்போது ஷிஃப்ட்.
- நேர்கோடு: பென்சிலால் ஒரு புள்ளி, ஷிஃப்ட் பிடித்து இன்னொரு புள்ளி.
- எழுத்து ஒவ்வொன்றும் தனி லேயரில், கண்ணாடித் தாளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கின மாதிரி. கண் படத்தை அமுக்கினால் லேயர் மறையும், அழியாது.
- அம்புக்குறி: கிடையாது. கோடு போட்டு நுனியில் முக்கோணம் செய்து நிறம் ஊற்றணும். வெட்டி வேலை.

மெஷின் ஒரு செவ்வகம், கதவு ஒரு வட்டம், வால்வு ஒரு சின்ன வட்டம், அதற்குள் பெருக்கல் குறி. பார்க்க இட்லித் தட்டு மாதிரி இருந்தாலும் புரிகிறது.

வால்வை எந்தப் பக்கம் திருப்புவது என்று காட்ட ஒரு வளைந்த அம்பு வேண்டும். வட்டத்தில் பாதியை அழித்துப் பார்த்தேன். நுனி முக்கோணம் ஒவ்வொரு தடவையும் கோணிக்கொண்டு நின்றது. ஐந்து தடவை. மணி நாலரை. விட்டுவிட்டேன். அம்பு எதற்கு, எழுத்துத்தான் இருக்கிறதே.

ஜூலை 9, புதன்

கன்னட வரிகளை ம.சார் எழுதித் தந்தார். இரண்டாவது வரியில் வால்வுக்கு "முச்சி", அதாவது மூடவும். தமிழை நான் போனில் அடித்து ஒட்டினேன்.

1. மெஷின் நிறுத்து
2. நீராவி வால்வு போடு
3. கதவு திற

ஆறு பிரிண்ட். பிளாஸ்டிக் உறையில் செருகி நானே மாட்டினேன். விரிப்பு மடிக்கும் மேஜையிலிருந்து மாதையண்ணன் எட்டிப் பார்த்தார். நாலு மாதம் முன்னால் சத்தியமங்கலத்திலிருந்து வந்தவர். கன்னடம் இன்னும் வரவில்லை, ஆனால் கண்ணில் படும் தமிழை எல்லாம் வாய்விட்டுப் படிப்பார், பொட்டலம் கட்டிய பேப்பர் உட்பட. "நம்ம எழுத்த இங்க பாக்கறதுக்கே சந்தோசமா இருக்குதுங்க அம்மிணி" என்றார். எனக்கும் இருந்தது.

ஜூலை 14, திங்கள்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நாலாம் நம்பர் மெஷின்காரர் லீவு. மாதையண்ணனை அங்கே நிறுத்தினார்கள், முதல் நாள். பதினொரு மணிக்கு ஒரு அலறல். கதவைத் திறந்ததும் நீராவி அடித்து வலது கை முழங்கைவரை வெந்துவிட்டது. தோல் உரிந்து தொங்கியது. ஈரத் துணி சுற்றி ஆட்டோவில் ஏற்றும்போது என்னைப் பார்த்து, "படத்துல போடுன்னு இருந்துச்சுங்க அம்மிணி, அதானுங்க போட்டேன்" என்றார். புலம்புகிறார் என்று நினைத்தேன்.

பிறகு அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றேன். நீராவி வால்வு போடு.

எங்கள் வீட்டில் கதவைப் போடு, கேட்டைப் போடு, ஜன்னலைப் போடு. மூடுவதற்கு எல்லாம் அதுதான். கன்னடத்தில் "பாகிலு ஹாக்கு" என்றால் கதவைப் போடு. அதை அப்படியே தமிழாக்கிப் பேசிப் பேசி அதுதான் தமிழ் என்று ஆகிவிட்டது. அவர் ஊரில் லைட்டைப் போடு, மோட்டாரைப் போடு. அதாவது ஓடவிடு. வால்வு ஏற்கெனவே மூடித்தான் இருந்திருக்கிறது. என் எழுத்தைப் படித்து, அவர் திறந்திருக்கிறார்.

ம.சார் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நான் செய்தது: எழுத்து லேயரைப் பிரதி எடுத்தேன். பிரதியில் "போடு" போய் "மூடு". பழையதின் கண்ணை அமுக்கி மறைத்தேன். அழிக்க ஏனோ துணிவு வரவில்லை. ஆறு பிரிண்ட், ஆறு உறை. பழைய ஆறையும் நனைத்துப் பிசைந்து பஞ்சுக் குப்பைத் தொட்டியில்.

இன்னொருத்தருக்கு அடிபடக் கூடாது என்றுதான் மாற்றினேன். பாதி உண்மை. யாரும் பார்க்கும் முன் என்று ஓடினேன் பாரு, அது மீதிப் பாதி.

ஜூலை 15, செவ்வாய்

நல்ல மழை. சிலிண்டர் வந்தது. சாம்பாரில் உப்புப் போட மறந்தேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மா.அண்ணன் தங்கச்சி குண்டலுபேட்டையிலிருந்து வந்திருக்கிறாராம். ஆஸ்பத்திரிக்கு ஆபீஸிலிருந்து எல்லோரும் போனார்கள். நான் தலைவலி என்றேன்.

ஜூலை 16, புதன்

விசாரணை. கட்டுப் போட்ட கையோடு மா.அண்ணனை வரவழைத்திருந்தார்கள். ம.சார், லேபர் கான்ட்ராக்டர், நான். நான் எதற்கு? மொழிபெயர்க்க.

ம.சார் நாலாம் நம்பர் படத்தை மேஜையில் வைத்தார். "தமிழ்ல என்ன எழுதியிருக்கு, படிங்க." படித்தேன். மூடு. கன்னடத்தில் சொன்னேன். முச்சி. இரண்டும் ஒன்று. சரி.

மா.அண்ணன் படத்தை இழுத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "இது இல்லீங்க. அன்னைக்கு போடுன்னுதானுங்க இருந்துச்சு. நீங்களே சொல்லுங்க அம்மிணி, நீங்கதான எழுதுனீங்க."

ம.சார் என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறார்? வேகமான ஊர்ப் பேச்சு, அவருடைய அரைகுறைத் தமிழுக்குப் பிடிபடவில்லை.

"அவருக்குச் சரியா ஞாபகம் இல்லையாம்" என்றேன், கன்னடத்தில்.

இந்த வாயால் சொன்னேன். இதே வாயால்தான் மத்தியானம் தயிர்சாதமும் சாப்பிட்டேன்.

கான்ட்ராக்டர் சிரித்தார்: "இவனுக்குப் படிக்கவே தெரியாது சார். கௌரவத்துக்குப் படிச்சேன்னு சொல்றான்." அறிக்கையில் அதையே எழுதினார்கள். படிப்பறிவு இல்லை, படத்தைப் பார்க்காமல் இயக்கினார், தவறு அவருடையது. சனிக்கிழமையோடு வேலை கிடையாது. அதை அவருக்குத் தமிழில் சொன்னதும் நான்தான். இடதுகைப் பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டார்கள். கையெழுத்துப் போடுகிற கை கட்டுக்குள் இருக்கிறது. வாங்கும்போது அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

ஜூலை 17, வியாழன்

சாயங்காலம் காற்றும் மழையும். மேகனா ஹாலில் ஹோம்வொர்க். "அம்மா, மழ உள்ள வர்து. கதவு போடும்மா."

எழுந்து போய்ப் போட்டேன். மூடினேன். எதுவோ ஒன்று. கதவின் பின்னாலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

பென் டிரைவில் கொண்டுவந்த ஃபைலை மேகனாவின் லேப்டாப்பில் திறந்தேன். வளைந்த அம்பு வரைய வேண்டும் என்று ஒரு வெறி. அவள் எட்டிப் பார்த்து, "ஏன்மா அடியில ஒரே மாதிரி இன்னொரு லேயர் இருக்கு? கண்ணு மூடி வெச்சிருக்க? வேணாம்னா டெலீட் மாடு" என்றாள். அவளுக்குத் தமிழ் எழுத்து பூச்சி ஊர்ந்த மாதிரி. இரண்டு லேயரும் ஒன்றுபோலத்தான் தெரியும். ம.சாருக்கும் அப்படித்தான். மெஷின் பழகிய மற்றவர்கள் படத்தைப் பார்ப்பதே இல்லை. அந்த வித்தியாசத்தைப் படித்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தர் கை வெந்தவர். ஒருத்தி பொய் சொன்னவள்.

டெலீட் செய்யவில்லை.

அம்பு ஏழாவது தடவை வந்துவிட்டது. முக்கோணத்தைத் தனி லேயரில் வரைந்து சுழற்றினால் போதும், பத்து நிமிஷ வேலை. அன்றைக்கு அந்தப் பத்து நிமிஷத்தைச் செலவழித்திருந்தால் எந்தச் சொல்லை எழுதியிருந்தாலும் அவர் கை தப்பியிருக்கும். பாவி.

ஜூலை 18, வெள்ளி

பழைய லேயரின் கண்ணைத் திறந்து ஒரு பிரிண்ட். புதியது ஒரு பிரிண்ட், அம்போடு. கூட ஒரு கடிதம், கன்னடத்தில், எல்லோரும் படிக்கிற மாதிரி. விசாரணையில் மாற்றிச் சொன்னதையும் சேர்த்து எழுதினேன். அந்த வரியில் பேனா இரண்டு தடவை நின்றது.

ம.சார் படித்தார். கதவை மூடச் சொன்னார். "ஆபீஸ்ல இத யார்க்கும் படிக்கத் தெரியாது கோமதியவரே. ரிப்போர்ட் போயாச்சு. நீங்க எதுக்கு வாய் தெறக்கணும்?"

அதுதான் சார் காரணம், வேறு யாருக்கும் தெரியாது என்றேன். கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார். மா.அண்ணனை வேலையிலிருந்து நிறுத்த வேண்டாம் என்று கான்ட்ராக்டருக்கு என் எதிரிலேயே போன் செய்தார். என் விஷயம் திங்கட்கிழமை முதலாளி வந்த பிறகு. அதுவரை வர வேண்டாம். அறிக்கையைத் திருத்துவீர்களா என்றதற்கு, "பாக்கலாம்" என்றார்.

மேகனாவிடம் லீவு என்று சொன்னேன். இன்னொரு பொய், சின்னது.

ஜூலை 19, சனி

காலை பஸ்ஸில் குண்டலுபேட்டை. நஞ்சன்கூடு தாண்டியதும் வெயில். ஒரு டஜன் வாழைப்பழம் வாங்கினேன், பிறகு அது கையில் கனத்தது. யாருக்கு, எதற்கு?

தங்கச்சி வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் மா.அண்ணன், கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு. தங்கச்சி காபி கொண்டுவந்தார். குடிக்காமல் சொல்லி முடித்தேன். வார்த்தை, அம்பு, குப்பைத் தொட்டி, விசாரணையில் சொன்ன பொய், எல்லாம். வேலை போகாது என்பதையும் சொன்னேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். தலையணை மேல் கையை நகர்த்தி வைத்தார். பிறகு கேட்டார்: "எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு எழுதிப்போட்டாங்களே, அத அடிச்சுப்போட்டாங்களா?"

"இன்னும் இல்லைங்க."

"பழைய படம் இருக்குதுங்களா?"

பையிலிருந்து எடுத்தேன். இடது கையில் வாங்கினார். தங்கச்சியைப் பக்கத்தில் கூப்பிட்டு, ஒவ்வொரு எழுத்தாக விரலை நகர்த்தி, தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்தார். "ஒன்று. மெஷின் நிறுத்து. இரண்டு. நீராவி வால்வு போடு."

அங்கேயே நிறுத்திவிட்டுத் தங்கச்சியை நிமிர்ந்து பார்த்தார்.

"பாத்தியா? நாஞ் செரியாத்தான் படிச்சிருக்கறேன்."